அரைவால் மேனேஜரும் கிறிஸ்துமஸ் மரமும்

விழுந்து யாருக்காவது காயம் உண்டாக்கும் நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றும்படியோ முட்டுக்கொடுத்துத் தாங்கும்படியோ உரிமையாளருக்கு எழுத்துமூலம் உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. அட்டவணையில் உள்ள காட்டு விலங்கை எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் பிடிக்கக் கூடாது. இரண்டும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம், தனித்தனி முத்திரை. பணிக்காலம் முழுவதும் வருவாய்த் துறைக் கோப்புகளைப் புரட்டிவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். அந்த விலங்கு அந்த மரத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டால் யார் கையெழுத்திட வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. புரட்டாசியில் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போய்வந்தபோதுதான் அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்தது.

நான் கோயம்புத்தூர்வாசி. போகக் காரணம் ஸ்டெல்லாவின் தொலைபேசி அழைப்பு. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். கடலூரில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "லலிதா, நம்ம கிறிஸ்துமஸ் மரத்தை வர்ற சனிக்கிழமை வெட்டறாங்க. வெட்டறப்போ நீ பக்கத்துல இருக்கணும்" என்றாள். ஆபரேஷனுக்குத் துணைக்குக் கூப்பிடுகிற குரல். வழியில் சிதம்பரத்தில் தம்பி கணேசன் வீடு. வியாழக்கிழமை அங்கே இறங்கினேன்.

தம்பி வீட்டு மொட்டை மாடிக் கதவு விரியத் திறந்திருந்தது. மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு ஆள் இல்லை, குச்சி இல்லை, கறுப்புக் குடை இல்லை. எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது. சென்ற முறை வந்தபோது இதே வீட்டில் குளியலறைக்குப் போவதற்குக்கூட ஒருவர் காவல் இருக்க வேண்டியிருந்தது.

காரணம், மேனேஜர். அது ஒரு குரங்கு. எங்கிருந்தோ கூட்டத்தைவிட்டுத் தனியாக வந்த ஆண். தலைமயிர் நடுவகிடு எடுத்து வாரிவிட்டதுபோல இரண்டு பக்கமும் படிந்திருக்கும். வாலில் பாதியை மின்கம்பி வாங்கிக்கொண்டது. மீதி அரை வால். காலையில் இட்லி வேகும் நேரத்துக்கு வந்து தெருவின் ஒவ்வொரு சமையலறையையும் பார்வையிட்டுவிட்டுப் போகும். அதனால் அந்தப் பெயர். நான் பார்த்த மேனேஜர்கள் பலரைவிட இது காலம் தவறாதது.

"என்னடா, மேனேஜர் லீவா?" என்றேன்.

"டிரான்ஸ்பர்க்கா" என்று கணேசன் சிரித்தான்.

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல மனு குடுத்திருந்தியே, பதில் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு! நாலு தடவ போய்ப் பாத்தேன். 'பரிசீலனைல இருக்கு'ன்னே சொல்றாங்க. அது டெய்லி வந்து என் பரிசீலனைய முடிச்சுட்டுப் போவுது. அதான் கூண்டு வச்சுப் புடிச்சு, நம்ம லால்பேட்டை ஃப்ரெண்டோட குட்டி யானை வண்டில ஏத்தி அனுப்பிட்டேன்."

"அனுமதி?"

"அக்கா, கொரங்குக்கு யாருக்கா அனுமதி குடுப்பாங்க?"

"தலைமை வன உயிரினக் காப்பாளர்" என்றேன். அவன் மனைவி வசந்தி, "அண்ணி, மொதல்ல சாப்பிடுங்க. இப்பதான் நிம்மதியா இட்லிப் பானைய தொறக்கறேன்" என்று தட்டை வைத்தாள். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. கோயம்புத்தூரில் சிதம்பரம் கொத்சு என்று பலகை வைத்து ஒன்று விற்கிறார்கள். அது குழம்புக்கும் துவையலுக்கும் நடுவே பதவி உயர்வு கிடைக்காமல் நின்றுவிட்ட ஒரு பொருள். வசந்தியின் கொத்சில் எண்ணெய் மேலே மிதந்தது, கத்தரிக்காய் கீழே கரைந்திருந்தது. மூன்றாவது இட்லியில் சட்டம் கொஞ்சம் மங்கியது.

"எங்க கொண்டுபோய் விட்டீங்க?"

"காட்டுல."

"கடலூர் மாவட்டத்துல எந்தக் காடு?"

கணேசன் தட்டைப் பார்த்தான். "அவனுக்குக் கடலூருக்கு லோடு இருந்துச்சு. போற வழியில, கடலூருக்குக் கிட்ட ஒரு முந்திரித் தோப்பாம். பாக்கறதுக்குக் காடு மாதிரிதான் இருந்துச்சுன்னான்."

மதியம் கைப்பேசியில் மேனேஜரின் இனத்தைப் பற்றிப் படித்தேன். நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சாலையோரப் புளியமரமும் ஆலமரமும் போகப் போக இதுவும் போய்க்கொண்டிருக்கிறது. அழிவை நோக்கிப் போகும் உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலிலும் தரவரிசை உண்டு. இது கடைசிப் படியில் இல்லை, ஆனால் படியில் கால் வைத்துவிட்டது. "உங்க வடாம் தின்னது சாதாரண ஆள் இல்லை" என்று வசந்தியிடம் சொன்னேன். "அழியப் போறதா இருந்தா எங்க வீட்டுல வந்தா அழியணும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடலூர் வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்து. ஏறும்போது கண்டக்டரிடம், "ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டேன். "போவும் போவும், ஏறுங்கம்மா." நாலுவழிச் சாலையில் மரம் என்று சொல்ல நடுவில் அரளிச் செடி மட்டும். ஒரு குரங்கு உட்காரக்கூட இடமில்லை. என் பக்கத்து இருக்கையில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார். பைபாஸ் பாலத்தடியில் விசில் கேட்டது. "கடலூர்லாம் எறங்கு!"

"ஊருக்குள்ள போகும்னீங்களே?"

"பஸ் போவும்னு சொல்லலம்மா. இங்கருந்து ஆட்டோ போவும்."

புகார்ப் புத்தகம் கேட்கலாம் என்று யோசிப்பதற்குள் பேருந்து புதுச்சேரியை நோக்கிப் போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் தெருப் பெயர் சொன்னேன், விழித்தார். கதவிலக்கம் சொன்னேன், விழித்தார். "ஸ்டெல்லா டீச்சர் வீடு" என்றதும், "கிறிஸ்துமஸ் மரத்து வீடா? அத சொல்றதுதான!" என்று வண்டியைக் கிளப்பினார். அந்த மரம் போய்விட்டால் தபால்காரரின் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையிலிருந்தே தெரிந்தது. அடிமரம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர். கிளைகள் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே சரியான இடைவெளி. எந்த அரசு அலுவலகத்திலும் அப்படி ஓர் ஒழுங்கை நான் கண்டதில்லை. மாடிகளையெல்லாம் தாண்டி நின்றது. டிசம்பர் வந்தால் அதில் நட்சத்திரம் கட்டுவார்கள். தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்து நிற்பார்கள். மரத்தை வைத்தது ஸ்டெல்லாவே. பணியில் சேர்ந்த வருடம் தொட்டியில் வாங்கிய செடி, தொட்டியை உடைத்துக்கொண்டு தரைக்கு வந்தது.

ஸ்டெல்லா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். புரட்டாசி என்பதால் மீன் விலை இறங்கியிருந்ததாம். எனக்கும் புரட்டாசிதான், ஆனால் பயணத்தில் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். கோயம்புத்தூரில் ஐஸில் படுத்து வரும் வஞ்சிரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினால் என் ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். எழுதவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே மேனேஜரைப் பற்றிச் சொன்னேன். ஸ்டெல்லா கையை உதறிவிட்டு, "இதோ பார், என் மரமும் அதே பட்டியல்ல, அதே படியில இருக்கு" என்றாள். அது உண்மையில் கிறிஸ்துமஸ் மரமே இல்லையாம். பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு; அங்கே மட்டும் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம். சொந்தத் தீவில் அது பிழைப்பதே பெரும்பாடு. உலகம் முழுக்க நர்சரியில் தொட்டி தொட்டியாக விற்பனை.

நான் குரங்கு, மரம் இருவரின் பணிப்பதிவேட்டையும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர் மண்ணின் மைந்தர். இங்கே தவிர வேறு ஊர் இல்லாதவர். அவரைக் கண்டால் குச்சியைத் தூக்குகிறோம், கூண்டில் அடைத்து லோடோடு லோடாக அனுப்புகிறோம். ஆனாலும் சட்டம் அவர் பக்கம். இன்னொருவர் கடல் கடந்து வந்தவர். அவருக்கு மின்விளக்குப் போட்டு, அவர் பெயரால் வீட்டையே அழைக்கிறோம். ஆனாலும் ஒரு ரம்பம் வந்தால் கேட்க நாதியில்லை. அவரைக் காப்பாற்ற இந்த நாட்டில் ஒரு சட்டப் பிரிவும் கிடையாது.

"எழுத்துமூலமா உத்தரவு ஏதாவது வந்துதா?" என்று கேட்டேன்.

"இல்ல. சுந்தரமூர்த்தி கேட்டார். சரின்னுட்டேன்."

"வாய்மொழியாவா?"

"பக்கத்து வீட்டுக்காரர் லலிதா. தினமும் முகத்தைப் பாக்கணும். அவர் பயப்படறது பொய்யும் இல்ல."

மாலை மதில் ஓரத்தில் சுந்தரமூர்த்தியே வந்தார். மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். இங்கே ஹார்டுவேர் கடை. சமீபத்தில் மாடி எடுத்திருக்கிறார். மாடியறை ஜன்னலுக்கு நேரே மரம்.

"வாங்கம்மா, எந்த ஊரு?"

"கோயம்புத்தூர்."

"அங்க புயல் வராது. குடுத்து வச்சவங்க." மீன் வாசனையை முகர்ந்து ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். "டீச்சர் மேல கோவமெல்லாம் இல்லம்மா. தானே புயல்ல எங்க மாமனார் வீட்டு மேல பலா மரம் சாஞ்சு, ராத்திரி முழுக்க உள்ளயே கெடந்தாங்க. இப்ப என் பொண்ணு அந்த ரூம்லதான் படுக்குது. காத்து கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சா நான் தூங்கறதில்ல. மரத்தையே பாத்துகினு உக்காந்திருப்பேன்."

"அதே தானே புயல்ல இந்த மரம் விழலியே, சார்" என்றாள் ஸ்டெல்லா மெதுவாக.

"அப்ப அது சின்னது டீச்சர். இப்ப என் வீட்ட விடப் பெரிசு."

முட்டுக்கொடுத்துத் தாங்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் சரிதாம்மா. காத்து சட்டம் படிச்சுட்டா அடிக்குது?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் மனு எழுதுவது என் வழக்கம். மரத்தின் நிலையை வல்லுநரைக் கொண்டு ஆய்வு செய்து அறிக்கை தரக் கோரி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, என் முகவரியிட்டு, கடைசி நேரத்தில் தபால் நிலையம் ஓடிப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களும் மனிதர்கள்தான்.

"நாளைக்கு வெட்டற மரத்துக்கு இன்னைக்கு ரிஜிஸ்டர் தபாலா?" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

"வெட்டினப்புறம் அனுப்பினா காலதாமதம்னு தள்ளுபடி பண்ணுவாங்க."

சிரித்தவள் உள்ளே போய்ப் பழைய நட்சத்திரத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழுமலை வந்தார். கயிறு, ரம்பம், பெட்ரோலில் ஓடும் மெஷின், இரண்டு ஆட்கள். மரம் அறுப்பதே தொழில். சுந்தரமூர்த்தியின் பழைய வாடிக்கையாளர், 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொள்ளும் பழக்கம். புரட்டாசி மூன்றாம் சனி என்பதால் சுந்தரமூர்த்தி விடியற்காலையிலேயே திருவந்திபுரம் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார். மூன்றாம் சனிக்கிழமையில் மரம் வெட்ட நாள் குறிக்கலாமா என்று கடலூரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழுமலைக்கு அன்றுதான் வேறு வேலை இல்லை, அதுவே முகூர்த்தம்.

ஏழுமலை அண்ணாந்து பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார். கயிற்றை வீசினார். கயிறு போன வேகத்தில் திரும்பி வந்து அவர் காலடியில் விழுந்தது.

"டேய், எவன்டா மேல?"

நடு அடுக்கில் கிளை விலகியது. நடுவகிடு எடுத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டி, அரை வாலைத் தொங்கவிட்டது.

ஸ்டெல்லாவின் காதில், "மேனேஜர்" என்றேன்.

"யாரு?"

"நம்ம கணேசனோட மேனேஜர்!"

ஏழுமலை அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார். "டீச்சர், ஆஞ்சநேயர் உக்காந்திருக்காரு. அதுவும் மூணாவது சனிக்கெழம. நான் ஏறமாட்டேன்."

"வெரட்டிட்டு ஏறலாமே அண்ணே" என்றார் கூட வந்த ஒருவர்.

"நீ ஏறுடா. உன் பொண்டாட்டி புள்ளைக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அந்த நேரத்தில்தான் சுந்தரமூர்த்தி பைக்கில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய நாமம், கழுத்தில் துளசி, கையில் பிரசாதப் பை. "இன்னா மச்சான், இன்னும் ஆரம்பிக்கல?"

ஏழுமலை விரலை மேலே காட்டினார்.

சுந்தரமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் மேனேஜர் அடுக்கு அடுக்காக இறங்கி, மதில் மேல் நடந்து, அவர் கையிலிருந்த பையைத் திறந்து, ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்துத் தின்றுவிட்டுத் தோலை மதில் மேல் வைத்தது. சிதம்பரத்தில் அது எங்கள் இட்லிக்குக் காட்டாத மரியாதையைக் கடலூர் வாழைப்பழத்துக்குக் காட்டியது. பையில் இருந்த துளசியைத் தொடவில்லை. தின்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. சுந்தரமூர்த்தியின் கருத்து வேறு.

"கோயில்லேருந்து நேரா வர்றேன்" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டே. "கேட்டு வாங்கின மாதிரி வாங்கினாரே! மச்சான், கயித்த சுருட்டு."

"நான் அப்பவே சுருட்டிட்டேன்."

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அது எந்த ஊர்க் குரங்கு, யார் பிடித்தது, எந்த வண்டியில் வந்தது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சுந்தரமூர்த்தி ஏமாறமாட்டார், மரம் போகும், தம்பி வழக்கில் சிக்குவான். சொல்லாவிட்டால், ஒரு பெண் குழந்தையின் தகப்பன் இனிமேலும் காற்றடிக்கும் இரவில் உட்கார்ந்திருப்பார், இந்த முறை கடவுள் பெயரால். அது சரியில்லை.

"சார்" என்றேன், "ஆஞ்சநேயர் இருக்கட்டும். பொண்ணு தூங்கணுமே. அந்த முட்டுக்கொடுக்கற விஷயம்…"

அவர் யோசித்தார். நேற்று காற்று சட்டம் படிக்கவில்லை என்றவர் இன்று நிதானமாக மரத்தைச் சுற்றி வந்தார். "நம்ம கடைலயே ஸ்டே கம்பி கெடக்கு. மூணு பக்கம் இழுத்துக் கட்டி, தரையில கான்கிரீட் போட்டா அசையாது. பட்டைல கம்பி அறுக்காம ரப்பர் வச்சிடலாம். மச்சான், நீ எப்படியும் கூலிக்கு வந்துட்ட."

"மரத்துல ஏறணுமே?"

"அவரு எறங்கிட்டாரில்ல? அவரு பழம் சாப்பிடறதுக்குள்ள கட்டிடு."

கட்டினார்கள். ஏழுமலை நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஏறினார். கீழே சுந்தரமூர்த்தி மீதிப் பழங்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். எது எப்போது என்று பிரிக்க முடியவில்லை. "கிறிஸ்துமஸ் மரத்துல ஆஞ்சநேயர், ஸ்டெல்லா. உனக்குப் பரவாயில்லையா?" என்றேன். "யாரா இருந்தா என்ன, நான் ஜெபம் பண்ணினதுக்கு அனுப்பினவர்" என்றாள்.

கணேசனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முதல் கேள்வி: "அக்கா, திருப்பி அனுப்பிடமாட்டாங்கல்ல?"

ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குப் போனோம். மிளகாய் பஜ்ஜி தின்றோம். எங்கள் ஊரில் கடல் இல்லை. அதனால் கடலைப் பற்றி நாங்கள் எல்லோரும் மிகையாகப் பேசுவோம். ஸ்டெல்லா கடலைப் பார்க்கவே இல்லை. கரையோரம் எங்கோ ஒரு வீட்டில் தொட்டியில் நின்ற அதே இன மரக்கன்றைப் பார்த்து, "தொட்டியை உடைக்கட்டும்" என்றாள். மாலை நான் கிளம்பினேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஸ்டெல்லா சொல்லித் தெரிந்தது. ஐப்பசி மழை வந்தது, காற்றும் வந்தது. கம்பி விறைத்து முனகியதாம், மரம் அசையவில்லை. சுந்தரமூர்த்தி ஒரு ராத்திரி மட்டும் விழித்திருந்துவிட்டுப் பிறகு தூங்கப் போனாராம். யாரோ ஓர் அலுவலர் வந்து மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மேனேஜரையும் படம் எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் இப்போது அந்தத் தெருவைக் காலையில் பார்வையிடுகிறது. ஸ்டெல்லாவின் வடாம் தினமும் குறைகிறது. டிசம்பரில் நட்சத்திரம் கட்ட யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. சுந்தரமூர்த்தியின் மாடியறை ஜன்னல் மரத்துக்கு நேரே இருக்கிறதே. அவர் மகளே கொக்கியில் மாட்டிவிட்டாள்.

என் மனுவுக்கான பதிலும் வந்துசேர்ந்தது. மூன்று பத்தி. மரம் நல்ல நிலையில் உள்ளது என்பது முதல் பத்தி. மரத்தில் பாதுகாக்கப்பட்ட இனக் குரங்கு ஒன்று தங்கியிருப்பதால் அது தானாக வெளியேறும்வரை வெட்டுவது தவிர்க்கப்படலாம் என்பது இரண்டாவது. குரங்கின் காலில் நின்று மரம் பிழைத்ததைச் சட்டமே ஒப்புக்கொண்டது. மூன்றாவது பத்தி இது: மேற்படி குரங்கு இப்பகுதியைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை; அது எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பது மனுதாரருக்குத் தெரிந்திருப்பின் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"அக்கா, என்னைய மாட்டிவிட்டுடாத" என்றான் கணேசன்.

தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால் தம்பி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசகம் இருக்கிறது. பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு அதை அனுப்பியிருக்கிறேன். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிட்டேன். எவ்வளவு காலம் பரிசீலிக்கலாம் என்பதற்கு அவர்களே முன்னுதாரணம் காட்டியிருக்கிறார்கள். நான் மனுவை அனுப்பியது புரட்டாசி மூன்றாம் சனிக்கு முதல்நாள். அவர்கள் பதில் என் கைக்கு வந்தது டிசம்பர் இருபத்து நான்காம் தேதி.